மச்சானுக்காகப் போட்ட நட்சத்திரம்

"எஞ் சர்டிபிகேட்டைக் குடுங்க அண்ணாச்சி."

குத்தாலிங்கத்தின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த டீக் கிளாஸ் பாதி வழியில் நின்றது. மேசைக்கு எதிரே நின்ற உமாராணி, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தோளில் கிடந்த பையையும் இறக்கவில்லை.

சாரல் சாஃப்ட்வேர் சொல்யூஷன்ஸில் லீவு கேட்கலாம், திட்டிவிட்டுத் தருவார். புது மவுஸ் கேட்கலாம், பழையதைத் துடைத்துத் தருவார். கேட்கவே கூடாதது ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பச்சை பீரோவில் வைத்துப் பூட்டிய ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்.

அன்றைக்கே தெளிவாகச் சொல்லியிருந்தார். "பாப்பா, இது இங்கன பத்திரமா இருக்கும். எலி கடிக்காது, சாரல்ல நனையாது. ஆனா நீ எப்ப வந்து கேக்கியோ, அன்னைக்கு வேற எடம் பாத்துட்டேன்னு அர்த்தம். அதோட நமக்குள்ள உறவு முடிஞ்சிரும்." உறவு என்ற சொல்லைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அவள் சேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அந்த பீரோவுக்குள் பதினோரு பேருடைய டிகிரி கிடந்தது. தனக்கு ஒன்று இல்லாத குறையை குத்தாலிங்கம் அப்படித் தீர்த்துக்கொண்டார். பதினொன்றில் உமாராணியுடையது கொஞ்சம் கூடுதல் பாடுபட்டு வந்தது. அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. வாங்கியதில்லை என்பதற்கு ஒரு சர்டிபிகேட் வாங்க வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்து, அதைக் காட்டி ஃபீஸில் சலுகை வாங்கி, அதற்குப் பிறகுதான் இந்த சர்டிபிகேட்டே வந்தது.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, வியாழக்கிழமை ஒரிஜினலோடு வா, வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருந்தது. இன்று திங்கள்.

குத்தாலிங்கம் கிளாஸை மேசையில் வைத்தார். "என்னட்டி இது, நல்ல நாளும் அதுவுமா? உக்காரு. மொதல்ல லெட்டரை எழுது. பதினோரு மணிக்குச் சங்கத்துல கூட்டம். லெட்டரை எங்கையில குடு, சர்டிபிகேட்டை ஒங்கையில தாரேன். பேச்சு முடிஞ்சிட்டு."

லெட்டர் என்று அவர் சொன்னது மன்னிப்புக் கடிதம். நடந்ததெல்லாம் என் தப்பு என்று உமாராணி தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நடந்தது இதுதான்.

குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் சங்கம் ஒன்று, சீசனுக்காக ஓர் ஆப் கேட்டது. மெயினருவியில் தண்ணீர் எவ்வளவு, ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா, பழைய குற்றாலத்தில் கூட்டமா, எங்கே ரூம் காலி என்று எல்லாவற்றையும் போனிலேயே காட்டும் ஆப். சங்கத்தில் பாதிப் பேர் குத்தாலிங்கத்துக்குச் சொந்தம், மீதிப் பேர் அவர் மனைவிக்குச் சொந்தம். ஆகவே வேலை, தென்காசியில் உரக்கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டரோடு நடந்த இந்தக் கம்பெனிக்கு வந்தது. ஆப்புக்கு 'சாரல்' என்றே பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கும் மீட்டிங் மட்டும் மூன்று நாள் நடந்தது. மற்றதெல்லாம் உமாராணி செய்தாள்.

ஆப்பின் உடம்பு அவள் எழுதியது. போனுக்குள் நேரடியாக ஓடுகிற பகுதி. ஆளின் பெயர், நம்பர், இந்த நிமிடம் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் அதற்கு மட்டும்தான் தெரியும். அந்த உடம்புக்குள் ஒரு வெப் பக்கம். அந்தப் பக்கத்துக்குள் லாட்ஜுக்கு ஒன்றாக முப்பத்தெட்டு கட்டங்கள், கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் ஃபிரேம். கட்டத்துக்குள் தெரிவது அந்தந்த லாட்ஜ்காரரின் சொந்த வெப்சைட். ஆப்பைத் திறந்த உடனே முப்பத்தெட்டும் உள்ளே ஓட ஆரம்பித்துவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே ஆப்தான். உள்ளே நிலைமை வேறு. லாட்ஜ்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்று உமாராணி இப்படி விளக்கியிருந்தாள்: ஆப் ஒரு லாட்ஜ். கட்டம் ஒவ்வொன்றும் உள்வாடகைக்கு விட்ட ரூம். ரூமில் இருக்கிறவன் தானாக வந்து ரிசப்ஷன் நோட்டைப் புரட்ட முடியாது. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஒரு சீட்டு எழுதி ரிசப்ஷன் சன்னலில் நீட்ட வேண்டும். 'புக்கிங் பாரத்தில் நிரப்ப வேண்டும், இந்த ஆளின் பெயர், நம்பர், இருக்கும் இடம் தாருங்கள்.' சன்னலுக்கு உள்ளே இருக்கும் அவளுடைய கோடிங், சீட்டைப் பார்த்துப் பதிலை நீட்டும்.

சீட்டில் என்ன கேட்டிருக்கிறது என்பதைவிட, சீட்டு எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். அதை எவனும் மாற்றி எழுத முடியாது. போனே முத்திரை குத்தி அனுப்பும். உமாராணி முப்பத்தெட்டு லாட்ஜ்களின் முகவரியையும் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். பட்டியலில் இருப்பவனுக்குப் பதில் உண்டு. இல்லாதவன் எத்தனை சீட்டு நீட்டினாலும் சன்னல் திறக்காது.

ஜூன் ஏழாம் தேதி ஒரு கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா. பெரிய திரையில் ஆப்பைக் காட்டினார்கள். ஒவ்வொரு லாட்ஜாகத் தொட, பெயரும் நம்பரும் தானாக வந்து விழுந்தன. கைதட்டல் வேறு. சுடலைக்கண்ணுவின் லாட்ஜைத் தொட்டார்கள். பாரம் மொட்டையாக நின்றது. மறுபடி தொட்டார்கள். மறுபடியும் மொட்டை.

சுடலைக்கண்ணு சங்கத்தின் துணைத் தலைவர். ஐந்தருவி ரோட்டில் மூன்று மாடி லாட்ஜ் வைத்திருப்பவர். அதையெல்லாம்விடப் பெரிய பதவி, அவர் குத்தாலிங்கத்தின் மனைவிக்கு அண்ணன். அந்த வாரம்தான் யாரோ ஒருவன் ஓசியில் நடத்தித் தருகிறேன் என்றான் என்று தன் வெப்சைட்டை வேறு முகவரிக்கு மாற்றியிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பட்டியலில் இருந்தது பழைய முகவரி. சன்னல், அது செய்ய வேண்டிய வேலையைச் செய்தது.

மச்சான் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

பெண் கொடுத்த வீட்டு ஆள், பந்தியில் இலை போட்ட பிறகு, சாப்பிடாமல் எழுந்து போவது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலமே குத்தாலிங்கம் ஆபீசுக்கு வந்து ஆடினார்.

"கல்யாண வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, வாரவனையெல்லாம் நீ யாரு, நீ யாருன்னு கேப்பாளாட்டி ஒருத்தி?"

"அவங்க புது முகவரியைச் சேத்துட்டேன் அண்ணாச்சி. ரெண்டு நிமிச வேலை."

"சேக்காத. கேக்கறதையே எடு. இன்னைக்கு எங்க மச்சானைக் கேட்டது, நாளைக்கு எங்க சகலையைக் கேக்கும்."

"எடுத்தா யாரு கேட்டாலும் குடுத்துருமே."

"குடுக்கட்டும். யாரு வரப்போறா? எல்லாம் நம்ம ஆளு."

உமாராணி மாட்டேன் என்றாள். ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பிலும் எழுதினாள்: 'இது தப்பு. வெளியாள் கேட்டாலும் பேர், நம்பர், இடம் போயிடும். செய்ய வேண்டாம்.' குத்தாலிங்கம் தன் வழக்கப்படி படிக்காமலே ஒரு கும்பிடு பொம்மையும் இரண்டு ரோஜாப்பூவும் போட்டார்.

வேலையை முடித்தவன் பெலிக்ஸ். பக்கத்து நாற்காலிக்காரன். அண்ணாச்சி சொன்னால் கீபோர்டைக் கழுவிக் காயப்போடக் கூடியவன். முப்பத்தெட்டு வரியையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியை வைத்தான். கம்ப்யூட்டர் பாஷையில் அந்த நட்சத்திரத்துக்கு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள்.

"பாருக்கா, ஒத்தக் குறி. கோடிங் எவ்வளவு சுத்தமா ஆயிட்டு!" என்றான். நெஞ்சாரச் சந்தோஷப்பட்டான்.

அதை ஆப் இறக்கும் ஸ்டோரில் ஏற்ற உமாராணி வேண்டியிருந்தது. காரணம், ஸ்டோரில் ஆப் வைக்கும் அக்கவுண்ட் அவள் பெயரில் இருந்தது. குத்தாலிங்கத்தின் ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் இன்னொரு எழுத்து, கம்பெனி பதிவே ஆகவில்லை. "ஒம் பேர்லயே போட்டுருட்டி. பேருதான? எல்லாம் நம்மதுதான்" என்று அப்போது சொன்னார். அவருக்கு அது புதிதில்லை. தோப்பு மாமியார் பெயரில், லாரி கொழுந்தியாள் பெயரில், கார் மனைவி பெயரில். அவர் பெயரில் இருந்தது அவருடைய கோபம் ஒன்றுதான். அன்றிலிருந்து ஆப்பில் ஒரு புள்ளியை மாற்ற வேண்டும் என்றாலும் "உமா, ஓடிபி வந்துச்சா?" என்று அவள் போனைத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்டோரில் ஆப்பின் அடியிலும் அவள் பெயர், அவள் நம்பர்.

அவள் ஏன் சம்மதித்தாள் என்றால் அதற்கு ஒரு கதை உண்டு. அவள் அம்மா தங்கத்தாய் பன்னிரண்டு வருடம் அடுத்தவள் பாஸ்புக்கில் பீடி சுற்றியவள். இலை வெட்டியது, சுற்றியது, கட்டுக்கட்டிக் கொண்டுபோய்க் கடையில் போட்டது எல்லாம் தங்கத்தாய். புக்கில் இருந்த பெயர் வள்ளியம்மாள். பன்னிரண்டாம் வருடம் பிஎஃப் பணம் வந்தபோது வள்ளியம்மாளுக்கு வந்தது. வள்ளியம்மாள் நல்லவள், ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாள். யார் கை சுற்றியது என்பதை எந்த ஆபீசும் கேட்காது, புக்கில் யார் பெயர் என்றுதான் கேட்கும் என்ற பாடத்தை உமாராணி காலேஜுக்குப் போகுமுன்பே படித்துவிட்டாள். ஆகவே உன் பெயரில் போடு என்று ஒருவர் சொன்னபோது அவள் மறுக்கவில்லை.

அந்தப் பாடத்தில் இன்னொரு பாதி இருந்ததை அப்போது யோசிக்கவில்லை. நட்சத்திரம் போட்ட ஆப்பை ஏற்றும்போது, ஆறு இலக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பெலிக்ஸிடம் சொன்னவளும் அவள்தான்.

போன வியாழக்கிழமை போன் வந்தது.

"நீதானா உமாராணி?"

"ஆமாக்கா, சொல்லுங்க."

"நல்லா இருப்பியா நீ?"

சிவகிரியில் தையல் கடை வைத்திருக்கும் வடிவாம்பாள் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் பத்து நிமிடம் வசவு மட்டும்தான். அது முடிந்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"பழைய குத்தாலத்துல தண்ணி விழுதான்னு ஒங்க ஆப்பைத் தொறந்தேன். நானும் எந் தங்கச்சியும் அவ பிள்ளையளும். அஞ்சு நிமிசம் ஆகல, ஒருத்தன் போன் போடுதான். 'வடிவக்கா, செக்போஸ்ட் பக்கத்துல நிக்கிய, நேரா வாங்க, லேடீஸுக்குன்னு தனி ரூம் இருக்கு'ங்கான். எம் பேரு அவனுக்கு எப்பிடித் தெரியும்? கட் பண்ணிட்டு அருவிக்குப் போயிட்டோம். குளிச்சிட்டு வந்து, இன்னும் எங்க ஈரம் காயல, தண்ணி கூடிருக்கான்னு ஆப்பைப் பாக்கேன். ஒடனே போன். 'குளிச்சாச்சாக்கா?'ன்னு கேக்கான்டி."

உமாராணி பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்தாள்.

"ஊருக்கு வந்தும் விடல. ஆப்பைத் தொறக்கும்போதெல்லாம் வருது. எந் தெரு பேரைச் சொல்லுதான். எங்க வீட்டுக்காரங்க துபாய்ல இருக்காங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? கீழ ஒம் பேருதான போட்டிருக்கு? நீயும் பொம்பளப் பிள்ளதான?"

வடிவாம்பாளிடம் அவள் போனிலிருந்து ஆப்பை உடனே அழிக்கச் சொல்லிவிட்டு, வெள்ளியும் சனியும் உமாராணி ஒரே வேலையாக இருந்தாள். சன்னலுக்கு வருகிற ஒவ்வொரு சீட்டும் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று குறித்து வைக்கும்படி செய்து, தன் போனிலேயே ஒவ்வொரு லாட்ஜாகத் திறந்தாள். எல்லோரிடமிருந்தும் ஒரு சீட்டு வந்தது. சுடலைக்கண்ணுவின் கட்டத்திலிருந்து மட்டும் இரண்டு வந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்றின் முகவரி அவளுக்குத் தெரியாதது, யாருக்குமே தெரியாதது. மச்சானின் கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் இருந்தது. தபால்தலை அளவுக்கு ஒரு விளம்பரம். வெப்சைட்டை ஓசியில் நடத்தித் தருகிறேன் என்ற புண்ணியவான் வைத்தது. உள்வாடகைக்காரனின் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு, அவனும் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தான். சன்னல் அவனுக்கும் கொடுத்தது. ஜூன் ஏழிலிருந்து நாற்பத்தொரு நாள், யார் என்று கேட்காமல், மரியாதையாக.

சனிக்கிழமை மத்தியானம் குத்தாலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொன்னார். "மச்சான் காதுக்கு இது போயிரக் கூடாது." அதற்குள் சங்கத்துக்கே ஏழெட்டுப் பெண்கள் போன் போட்டுத் திட்டியிருந்தார்கள். திங்கள் கூட்டத்தில் விளக்கம் வேண்டும் என்று சங்கம் கேட்டது. விளக்கம் என்றால் ஒரு தலை வேண்டும். ஆபீஸில் இருந்த தலைகளில் சொந்தமில்லாதவை இரண்டுதான். பெலிக்ஸ் ஓடியாடி டீ வாங்கி வருவான். ஆகவே உமாராணி. சனிக்கிழமை இரவே போனில் அவளிடம் லெட்டர் கேட்டுவிட்டார்.

"எழுது," என்றார் குத்தாலிங்கம், கண்ணை மூடிக்கொண்டு. "மரியாதைக்குரிய சங்கத் தலைவர் சமூகத்துக்கு, உமாராணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என்னுடைய அனுபவக் குறைவாலும் கவனக் குறைவாலும்..."

"தொடக்க விழா நோட்டீஸ்ல எனக்குப் பத்து வருச அனுபவம்னு போட்டிருந்திய."

கண் திறந்தது. "அது நோட்டீஸு."

"எனக்கு வயசு இருபத்துநாலு. அப்ப பதினாலு வயசுலயே கோடிங் எழுதியிருக்கேன். அனுபவக் குறைவு எங்கேருந்து வரும்?"

பெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றினான்.

"வாயி! இந்த வாயிதான் ஒன்னயக் கெடுக்கும். ஏட்டி, ஒரு லெட்டர். அரைப் பக்கம். சங்கத்துல நாலு பேரு படிச்சிட்டு வடை மடிச்சிருவாங்க. அதுக்குப் போயி... எழுதலன்னா பீரோ தொறக்காது, சொல்லிட்டேன். டூப்ளிகேட்டுக்கு அலையணும்னா அலை. தொலைஞ்சதுன்னு போலீஸ்ல எழுதி வாங்கணும், தெரியும்லா? எங்க சித்தப்பா மவன் போலீசுலதான் இருக்கான்."

"தொலையல அண்ணாச்சி. ஒங்க பீரோவுலதான இருக்கு."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுடலைக்கண்ணு வந்தார். சலவை வேட்டி, சந்தன வாசனை, கையில் இரண்டு போன். குத்தாலிங்கம் எழுந்து தன் நாற்காலியையே தள்ளிக் கொடுத்தார்.

"என்ன மாப்ள, பிள்ள எழுதியாச்சா?" என்று கேட்டபடி உட்கார்ந்த மச்சான், உமாராணியைப் பார்த்துக் கனிந்தார். "தப்புப் பண்ணாத ஆளு உண்டா தாயி? எழுதிக் குடுத்துட்டுப் போ. நாங்களும் பெரிய மனசு பண்ணி விட்டுருதோம்."

"ஒங்க வெப்சைட்டை நடத்துதது யாரு?"

"ஏட்டி!" என்று பாய்ந்தார் குத்தாலிங்கம். "மச்சானைப் பாத்து என்ன கேள்வி?"

"விடு மாப்ள, பிள்ள கேக்குது." சுடலைக்கண்ணு பெருந்தன்மையோடு கையமர்த்தினார். "அவன் ஒரு தங்கமான ஆளு தாயி. போன்லதான் பேசியிருக்கேன். ஓசியாப் பண்ணித் தாரேன்னான். இந்தக் காலத்துல யாரு அப்பிடிச் செய்யுதா?"

"பேரு?"

"பேரு கேக்கல."

"ஊரு?"

"ஓசியாச் செய்யுதவன்கிட்ட போயி பேரென்ன ஊரென்னன்னு கேட்டா, தப்பா நெனைக்க மாட்டானா?"

அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. இந்த மனிதர் எவனோடும் சேர்ந்து எதையும் திருடவில்லை. தன் வீட்டுக் கொல்லைக் கதவின் சாவியை எவனோ ஒருவனிடம் கொடுத்துவிட்டு, வாசலில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். அந்தக் கொல்லை வழியாக ஒருத்தன் வந்து, ஈரத்தோடு நிற்கிற பெண்ணிடம் குளித்தாயிற்றா என்று கேட்கிறான்.

"நான் எழுதிட்டேன் அண்ணாச்சி," என்றாள்.

குத்தாலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அப்பிடி வா வழிக்கு. எங்க, குடு."

"ஸ்டோர்ல இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் புதுசா ஏத்தினேன். இன்னைக்குக் காலையில ஒம்போது மணிக்கு அனுமதி வந்துட்டு. எல்லார் போன்லயும் இந்நேரம் மாறியிருக்கும். புதுசா என்ன மாத்தினோம்னு எழுத ஐந்நூறு எழுத்து எடம் குடுப்பான்லா? அதுல எழுதிருக்கேன்."

"ஓடிபி?" என்றார், அனிச்சையாக.

"எனக்குத்தான வரும்."

பெலிக்ஸ் தன் போனை எடுத்துவிட்டான். அண்ணாச்சி படிலே என்று சொல்வதற்கு முன்பே சத்தமாகப் படிக்க ஆரம்பித்திருந்தான். எழுத்து வந்த வேகத்தில் படித்தானே ஒழிய, என்ன படிக்கிறோம் என்பது மூன்றாவது வரியில்தான் அவனுக்கே உறைத்தது.

"சாரல் ஆப் வைத்திருப்பவர்களுக்கு. ஜூன் 7 முதல் 41 நாள், உங்கள் பெயர், நம்பர், நின்ற இடம், கேட்பது யார் என்று பார்க்காமலே வெளியாருக்குக் கொடுக்கப்பட்டன. பார்க்க வேண்டாம் என்பது கம்பெனி உத்தரவு. நான் எதிர்த்தேன். எதிர்த்த பிறகு, என் பெயரில் இருந்த ஆப்பை அப்படியே ஏற்ற அனுமதித்தேன். அது என் தப்பு. இப்போது நிறுத்திவிட்டேன். தெரியாதவர் போன் செய்திருந்தால் போலீசில் புகார் கொடுங்கள். நானும் கொடுக்கிறேன். உமாராணி."

கீழே உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கினார்கள்.

சுடலைக்கண்ணு தன் போனில் ஆப்பைத் திறந்தார். விரல் நேராகத் தன் லாட்ஜுக்குப் போனது. மற்ற முப்பத்தேழும் பளிச்சென்று இருந்தன. அவர் கட்டத்தில் இரண்டு வரி தெரிந்தது. 'இந்தப் பக்கம் உங்கள் நம்பரைக் கேட்கிறது. நடத்துகிறவர் யார் என்று தெரியவில்லை. கொடுக்கவில்லை.'

"மாப்ள," என்றார். போனைத் திருப்பிக் காட்டினார். "மறுபடியும் என்னையக் கேக்குது."

"மாத்துட்டி அதை!" குத்தாலிங்கம் மேசையைத் தட்டினார். டீக் கிளாஸ் சாய்ந்து, டீ எழுதப்படாத வெள்ளைத் தாளில் ஓடியது. "இப்பவே மாத்து! பேருதான ஒம் பேரு? ஆப்பு எங்களது!"

"எங்கம்மாவும் பன்னெண்டு வருசம் இப்பிடித்தான் சொன்னா. பீடி நான் சுத்துனது, பேரு மட்டும்தான் அவ பேருன்னு. எந்த ஆபீசுலயும் எடுபடல."

"கோயம்புத்தூருக்குப் போகணும்லா நீ? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? ஒரிஜினல் இல்லாம எவன் உள்ள விடுவான்? வியாழக்கிழமை அங்கன போயி வெறுங்கையோட நில்லு. இந்த பீரோ தொறக்காது."

அது உண்மை. கோயம்புத்தூர்காரன் விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அரைப் பக்கம் எழுதினால் வியாழக்கிழமை கோயம்புத்தூர். எழுதாவிட்டால் மறுபடி தாலுகா ஆபீஸ், யுனிவர்சிட்டி, மனு, ஜெராக்ஸ், நாலு மாதமோ ஆறு மாதமோ. இன்று காலை வந்து கேட்டதுகூட, ஒருவேளை கொடுத்துவிடுவாரோ என்ற ஒரு நப்பாசையில்தான்.

பச்சை பீரோவை ஒருமுறை பார்த்தாள். தன்னுடையது எந்தத் தட்டில் இருக்கும் என்று தெரியவில்லை.

"அதுல எம் பேரு போட்டிருக்கு அண்ணாச்சி. ஒங்க பேரை எழுதி ஒட்டவா முடியும்? வச்சிருங்க. எலி கடிக்காம மட்டும் பாத்துக்கோங்க."

"எங்கட்டி போற? சங்கத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"யாருன்னு கேக்காதீங்கன்னு சொல்லுங்க. பழக்கம்தான?"

பெலிக்ஸ் அவள் போக வழிவிட்டு எழுந்து நின்றான். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல், மறுபடி உட்கார்ந்தான்.

படி முழுக்க யூரியா வாடை. பாதிப் படியில் மேலே குத்தாலிங்கத்தின் குரல் கேட்டது. "நீ உள்ள போலே! அவ பாஸ்வேர்டுதான் ஒனக்குத் தெரியும்லா! உள்ள போயி அந்த நட்சத்திரத்தைப் போடு!" கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். பிறகு பெலிக்ஸின் ஈனமான குரல். "அண்ணாச்சி... ஓடிபி கேக்கு."

உமாராணியின் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது.

உரக்கடைத் தகரக் கொட்டகைக்கு அடியில் வடிவாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் சிவகிரியிலிருந்து வந்தவள். போனில் திட்டிய குரலுக்குப் பொருத்தமில்லாத மெலிந்த உடம்பு. கையில் தையல் கடைப் பை. பைக்குள், போன் வந்த தேதியும் நேரமும் பென்சிலால் எழுதிய அளவு நோட்டு.

"எல்லாம் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா. வாட்ஸாப்ல நான் எழுதினது, அவன் முகவரி, எம் போன்ல எத்தனை தடவை கேட்டான்னு எல்லாம் பிரிண்ட் போட்டிருக்கேன். மனுவுல கடைசியா எஞ் சர்டிபிகேட் விசயத்தையும் ஒரு வரி சேத்திருக்கேன்."

"எஸ்.பி. ஆபீசுல அழுதுருவேனோன்னு பயமா இருக்குட்டி."

"அழுதா அழுங்க. நோட்டை மட்டும் நனைச்சிராதீங்க."

பை மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறையும் அதிர்ந்தது. மாடி சன்னல் திறந்து, "ஏ உமா! உமா, ஓடிபி வந்துச்சா?" என்று குத்தாலிங்கம் கூப்பிட்டார். கோபமா கெஞ்சலா என்று பிரித்தறிய முடியாத குரல். உரக்கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேற்கே மலை தெரியவில்லை. பூத்தூறலாக விழுந்துகொண்டிருந்தது. உமாராணி மனுவை வைத்த உறையை எடுத்துத் துப்பட்டாவுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வடிவாம்பாளின் முழங்கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தாள்.